64 கோருக்கு மாறிய பிறகு டேட்டாபேஸ் வேகம் கூடவில்லை, உச்ச நேரத்தில் குறைகிறது. எங்கே பார்ப்பது?

நள்ளிரவு_பேஜர்

வணக்கம். ஒரு வாரமாக இதே வேலை, இன்னும் பிடி கிடைக்கவில்லை.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15. பழைய மெஷினில் 16 கோர். மாலை நேரத்தில் சிபியு 95 சதவீதத்தைத் தாண்டும், அதனால் பெரிய மெஷின் வேண்டும் என்று கேட்டேன். கேட்டது நான்தான் என்பதால் இப்போது பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். வந்தது 64 கோர், 512 ஜிபி ராம். டேட்டா முழுவதும் ராமில் அடங்கிவிடும்.

மாற்றிய அன்று மாலை பழைய மெஷினைவிட மோசமாக ஓடியது. சிபியு 60 சதவீதத்திலேயே நிற்கிறது. டிஸ்க் சும்மா இருக்கிறது. நெட்வொர்க்கும் அப்படியே. அதிகம் ஓடும் குவெரி ஒன்றே ஒன்று: ஆர்டர் எண் கொடுத்தால் ஒரு வரி வரும். இண்டெக்ஸ் (வரியைச் சீக்கிரம் தேடித் தரும் அட்டவணை) இருக்கிறது. தனியாக ஓட்டினால் அரை மில்லிசெகண்ட். உச்ச நேரத்தில் அதே குவெரி 10, 15 மில்லிசெகண்ட் எடுக்கிறது. அப்ளிகேஷன் பூலில் (டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில்) மொத்தம் 400 கனெக்ஷன்.

யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு வரியை ஒருவர் பூட்டி இன்னொருவர் காத்திருப்பது போல எதுவும் இல்லை. எல்லாம் வெறும் செலக்ட் (படிக்க மட்டும் செய்யும் குவெரி). ஒர்க் மெம், ஹியூஜ் பேஜஸ் என்று நாலைந்து அமைப்புகளை மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை.

ராம்_ராசா

ஷேர்டு பஃபரை (டேட்டாபேஸ் ராமில் டேட்டாவை வைத்துக்கொள்ளும் இடம்) 256 ஜிபி ஆக்குங்கள். மேக்ஸ் கனெக்ஷனை 1000-க்கு ஏற்றுங்கள். எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

வரிசையில்_நிற்பவன்

கொஞ்சம் பொறுங்கள், எதையும் ஏற்ற வேண்டாம். டிஸ்க் சும்மா இருக்கும்போது பஃபரைக் கூட்டி என்ன செய்யப்போகிறோம்? சிபியுவும் மிச்சம், டிஸ்க்கும் மிச்சம், ஆனால் வேலை நகரவில்லை என்றால் உள்ளே எங்கோ ஒரு சின்ன வாசலில் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கனெக்ஷனைக் கூட்டினால் அந்த வாசலில் கூட்டம்தான் கூடும்.

நீங்கள் ஏற்கனவே நாலைந்தை மாற்றிவிட்டீர்கள். அவற்றை முதலில் பழையபடி ஆக்குங்கள். பிறகு மூன்று விஷயம் வேண்டும்.

சிபியு விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளை என்ன சொல்கிறது? 64 என்பது உண்மையில் 64 கோரா, அல்லது 32 கோர் ஒவ்வொன்றிலும் இரண்டு த்ரெட்டா (ஒரே கோர் இரண்டாகத் தெரிவது)? எத்தனை சாக்கெட் (தனித்தனி சிபியு சிப்)? இதைப் பார்க்காமல் கோர் கணக்கு பேசுபவர்கள்தான் அதிகம்.

அடுத்து, பிஜிபெஞ்ச் (போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் வேகச் சோதனைக் கருவி) வைத்து உங்கள் உண்மையான குவெரியை ஓட்டுங்கள். அதனுடன் வரும் பரிசோதனை டேபிள் வேண்டாம். 1, 8, 16, 32, 48, 64 கிளையன்ட் என்று ஏற்றி ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஓட விட்டு, நொடிக்கு எத்தனை குவெரி என்று குறியுங்கள். அப்ளிகேஷன் எந்த வழியில் குவெரி அனுப்புகிறதோ அதே வழியில் அனுப்புங்கள். பிஜிபெஞ்சை வேறு மெஷினிலிருந்து ஓட்டுங்கள், அதன் த்ரெட் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். ஒரே த்ரெட்டில் ஓட்டி, பிஜிபெஞ்ச் மூச்சு வாங்குவதை டேட்டாபேஸ் மூச்சு வாங்குவதாக நினைத்து நான் ஒருமுறை மூன்று நாளை வீணாக்கியிருக்கிறேன்.

மூன்றாவது, 64 கிளையன்ட் ஓடும்போது பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியை (ஒவ்வொரு கனெக்ஷனும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று காட்டும் பட்டியல்) நொடிக்கு ஒருமுறை, 200 தடவை எடுங்கள். அதில் வெயிட் ஈவென்ட் (எதற்காகக் காத்திருக்கிறது) என்ற நெடுவரிசையை மட்டும் எண்ணினால் போதும். ஒரு தடவை பார்ப்பது கண் சிமிட்டும்போது எடுத்த போட்டோ மாதிரி. 200 எடுத்தால்தான் முகம் தெரியும்.

நள்ளிரவு_பேஜர்

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டேன். எல்எஸ்சிபியு பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. 2 சாக்கெட், ஒவ்வொன்றிலும் 16 கோர், கோருக்கு 2 த்ரெட். ஆக 32 கோர்தான். நான் எல்லோரிடமும் 64 என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நொடிக்கு வந்த குவெரி:

1 கிளையன்ட்: 2,100
8: 15,500
16: 27,000
32: 34,000
48: 29,000
64: 24,000

200 தடவை எடுத்த கணக்கில், 64 பேரில் சராசரியாக 41 பேர் எல்டபிள்யூலாக் (டேட்டாபேஸ் உள்ளே வைத்திருக்கும் சின்னத் தாழ்ப்பாள்) வகையில், லாக்மேனேஜர் என்ற வெயிட் ஈவென்ட்டில் நிற்கிறார்கள். மீதிப் பேருக்குப் பெரும்பாலும் அந்த நெடுவரிசை காலி. ஆனால் ஒரு சந்தேகம் அண்ணா: எல்லாம் செலக்ட்தானே, எதற்கு லாக்?

வரிசையில்_நிற்பவன்

பதில் அந்த வளைவிலேயே பாதி இருக்கிறது. 32-க்கு மேல் தட்டையாகியிருந்தால், ஏதோ ஒரு வேலை ஒருவர் பின் ஒருவராக நடக்கிறது என்று நிறுத்திக்கொள்ளலாம். 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சொன்னது அதுதான். வேலையில் 5 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால் எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. ஆனால் உங்களுடையது தட்டையாகவில்லை, விழுகிறது. 34,000 வந்தது 24,000 ஆகிறது. வரிசையில் நிற்பது மட்டும் அல்ல, வரிசையைப் பராமரிக்கவே கோர்கள் ஒன்றோடொன்று பேசிப் பேசிக் களைக்கின்றன. நீல் கன்தர் என்ற ஆய்வாளர் 1993-இல் ஆம்டால் கணக்கோடு இந்த இரண்டாவது செலவையும் சேர்த்துச் சொன்னார். பேச வேண்டிய ஜோடிகள் கோர் எண்ணிக்கையைவிட வேகமாகப் பெருகுவதால் ஒரு கட்டத்துக்கு மேல் வளைவு கீழே திரும்பும்.

வெயிட் ஈவென்ட் நெடுவரிசை காலியாக இருப்பவர்கள் வேலை செய்கிறார்கள் என்றும் நம்பிவிடாதீர்கள். காலி என்றால் எதற்கும் காத்திருப்பதாகப் பதிவாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஒரு கேச் லைன் (சிபியு தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சின்ன மெமரித் துண்டு) அடுத்த சாக்கெட்டிலிருந்து வந்து சேரும்வரை நிற்பவரும் அதே காலியில்தான் இருப்பார். சிபியு கணக்கிலும் அவர் வேலை செய்பவராகவே தெரிவார்.

உடனடி முதலுதவி ஒன்று: அப்ளிகேஷன் பூலை 400-லிருந்து மொத்தம் 32-க்கு இறக்குங்கள். மீதிப் பேர் டேட்டாபேஸுக்கு வெளியே காத்திருக்கட்டும். வெளியே காத்திருப்பவர் யாரையும் இடிப்பதில்லை.

இனி கேள்வி. அந்த ஆர்டர் டேபிள் பார்ட்டிஷன் செய்ததா, அதாவது துண்டு துண்டாகப் பிரித்ததா? எத்தனை? ஒவ்வொன்றிலும் எத்தனை இண்டெக்ஸ்?

நள்ளிரவு_பேஜர்

ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன். ஆர்டர் தேதியை வைத்து மாதவாரிப் பார்ட்டிஷன். 3 ஆண்டு, 36 பார்ட்டிஷன். ஒவ்வொன்றிலும் 4 இண்டெக்ஸ்.

பூலை 32-க்கு இறக்கினேன். குறைத்தால் எப்படி வேகம் கூடும் என்று மேலாளர் இரண்டு தடவை கேட்டார். இறக்கிய அன்று மாலை யாரும் எனக்குப் போன் செய்யவில்லை, அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

வரிசையில்_நிற்பவன்

நினைத்தேன்.

நீங்கள் ஆர்டர் எண்ணை மட்டும் கொடுக்கிறீர்கள். பார்ட்டிஷன் பிரிந்திருப்பதோ தேதியை வைத்து. அந்த எண் எந்த மாதத்தில் இருக்கிறது என்று டேட்டாபேஸுக்கு எப்படித் தெரியும்? 36 வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்கிறது. தட்டும் முன் ஒவ்வொரு டேபிளுக்கும், திட்டமிடும்போது தொடும் ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும், ஒரு பூட்டு எடுக்கிறது. செலக்ட் எடுக்கும் அக்சஸ் ஷேர் பூட்டு மிக மென்மையானது. இன்னொரு செலக்ட்டை அது தடுக்காது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது டேபிளை டிராப் செய்துவிடாமல் இருக்கத்தான் அது. அதனால்தான் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதாக உங்கள் கண்ணில் படவில்லை. பூட்டில் மோதல் இல்லை, பூட்டை எழுதி வைக்கும் நோட்டில்தான் மோதல்.

அந்த நோட்டு ஷேர்டு மெமரியில் இருக்கிறது, 16 பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சின்னத் தாழ்ப்பாள். எழுத வேண்டுமென்றால் தாழ்ப்பாளைப் பிடிக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் 2012-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.2-இல் ஃபாஸ்ட் பாத் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மென்மையான பூட்டுகளை ஒவ்வொரு பேக்எண்டும் (ஒரு கனெக்ஷனைக் கவனிக்கும் ப்ராசஸ்) பொது நோட்டுக்குப் போகாமல் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பதிப்பில் பையில் 16 இடம்தான். 17-வது பூட்டிலிருந்து பொது நோட்டுக்குப் போக வேண்டும்.

எல்லோரும் அதே டேபிள்களை அதே வரிசையில் தொடுகிறார்கள் என்பதால், எல்லோரும் அதே தாழ்ப்பாள்களை அதே வரிசையில் தேடி வருகிறார்கள். 16 கோரில் இது உறைத்திருக்காது. 32 கோர், இரண்டு சாக்கெட் ஆனதும் வெளியே வந்துவிட்டது.

என் பேச்சை நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். பிஎஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸுக்குக் கட்டளை அடிக்கும் கருவி) பிகின் போட்டு அந்த செலக்ட்டை ஓட்டி, கமிட் செய்யாமல் விடுங்கள். இன்னொரு விண்டோவிலிருந்து அந்த பிஐடிக்கு (ப்ராசஸ் எண்) பிஜி லாக்ஸ் என்ற பூட்டுப் பட்டியலைப் பாருங்கள். ஃபாஸ்ட்பாத் என்று ஒரு நெடுவரிசை இருக்கும், அதை வைத்துப் பிரித்து எண்ணுங்கள்.

கர்னல்_கிறுக்கன்

குறுக்கே வருகிறேன். இரண்டு சாக்கெட் என்றதும் கை அரித்தது. சோதனை மெஷினில் நியூமாகன்ட்ரோல் வைத்து டேட்டாபேஸை ஒரே சாக்கெட்டில் கட்டிப்போட்டு அதே 64 கிளையன்ட்டை ஓட்டிப் பாருங்கள். பெர்ஃப் டாப்பும் எடுங்கள், எந்த ஃபங்ஷன் மேலே நிற்கிறது என்று தெரிந்துவிடும். சிபியு சதவீதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

நள்ளிரவு_பேஜர்

இரண்டும் செய்தேன்.

பிஜி லாக்ஸில் ரிலேஷன் (டேபிள் அல்லது இண்டெக்ஸ்) பூட்டு மொத்தம் 181. எண்ணிப் பார்த்தால் சரியாக வருகிறது: தாய் டேபிள் 1, பார்ட்டிஷன் 36, இண்டெக்ஸ் 144. ஃபாஸ்ட்பாத் உண்மை என்று 16, பொய் என்று 165. ஒரு வரியை எடுக்க 165 தடவை பொது நோட்டுக்குப் போகிறேன்! முதலில் ஃபாஸ்ட்பாத் 17 என்று வந்து குழம்பினேன். கூடுதல் ஒன்று விர்ச்சுவல் எக்ஸ்ஐடி (டிரான்சாக்ஷனின் தற்காலிக எண்), ரிலேஷன் அல்ல.

பெர்ஃப் டாப்பில் முதலிடம் எல்டபிள்யூலாக் அட்டெம்ப்ட் லாக், தாழ்ப்பாளைப் பிடிக்க முயலும் ஃபங்ஷன். ஒரே சாக்கெட்டில் கட்டிப்போட்டால் 64 கிளையன்ட்டுக்கு 31,000. முழு மெஷினில் 24,000. பாதி மெஷினை அணைத்தால் வேகம் கூடுகிறது. இதை மேலாளரிடம் சொல்லப்போவதில்லை.

கர்னல்_கிறுக்கன்

அப்போ அதே கேச் லைன் இரண்டு சாக்கெட்டுக்கும் நடுவில் பந்தாடப்படுகிறது. ஒரே சாக்கெட்டுக்குள் இருந்தால் தூரம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் இதைத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். நோய் எங்கே என்று காட்டுகிற சோதனைதான் இது.

பஃபர்_பூங்குயில்

போஸ்ட்கிரெஸ் 18-க்கு மாறினால் இந்த 16 என்ற வரம்பு இல்லை. சட்டைப்பையின் அளவு மேக்ஸ் லாக்ஸ் பெர் டிரான்சாக்ஷன் என்ற அமைப்பைப் பொறுத்து வளரும், இயல்பாக 64. மைஎஸ்கியூஎல் என்ற வேறு டேட்டாபேஸ் பக்கமும் இதே கதை உண்டு. அதன் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபியின் அடாப்டிவ் ஹாஷ் இண்டெக்ஸ் ஒற்றை கிளையன்ட்டில் வேகம் தரும், கூட்டம் சேர்ந்தால் அதன் தாழ்ப்பாளே தடையாகிவிடும். 8.4-இல் அதை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டார்கள்.

வரிசையில்_நிற்பவன்

18-இல் இடம் கூடும் என்பது சரி. ஆனால் 181 பூட்டு எடுக்கும் குவெரிக்கு இயல்பான 64-உம் போதாது. இடத்தைக் கூட்டுவதற்கு முன் எதற்கு இத்தனை பூட்டு என்று கேட்பதுதான் முறை.

பேஜர், குவெரியில் தேதியைச் சேர்க்க வழி உண்டா?

நள்ளிரவு_பேஜர்

உண்டு! எங்கள் ஆர்டர் எண்ணின் முதல் 6 இலக்கம் ஆண்டும் மாதமும்தான். இரண்டு ஆண்டாகக் கண் முன்னால் இருக்கிறது. அப்ளிகேஷனில் அதைப் பிரித்து, மாதத்தின் முதல் தேதி முதல் அடுத்த மாத முதல் தேதிக்கு முன்வரை என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். பிஎஸ்கியூஎல்லில் எண்ணினால் 181 இப்போது 6. தாய் டேபிள், ஒரு பார்ட்டிஷன், 4 இண்டெக்ஸ். எல்லாம் சட்டைப்பையில்.

ஆனால் பிஜிபெஞ்சில் 64 கிளையன்ட்டுக்கு 71,000. மூன்று மடங்கு என்று சந்தோஷப்படலாம், ஆனால் 48 கிளையன்ட்டுக்கு 78,000 வருகிறது. இன்னும் வளைவு கீழேதான் திரும்புகிறது. லாக்மேனேஜரில் இன்னமும் 20 பேருக்கு மேல் நிற்கிறார்கள். 6 பூட்டு எடுப்பவனுக்கு அங்கே என்ன வேலை?

வரிசையில்_நிற்பவன்

நல்ல கேள்வி. 71,000-ஐப் பார்த்துவிட்டுத் திரியை மூடாமல் வந்ததற்கு நன்றி.

நீங்கள் பிஎஸ்கியூஎல்லில் ஓட்டியது வெறும் குவெரி. அப்ளிகேஷன் அனுப்புவது பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்தானே (ஒருமுறை தயார் செய்து, மதிப்பை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டும் குவெரி)? பிஜிபெஞ்சையும் அதே முறையில்தான் ஓட்டியிருப்பீர்கள். அதே பிஎஸ்கியூஎல்லில் பிரிப்பேர் செய்து, எக்சிகியூட் போட்டு எண்ணுங்கள். முதல் எக்சிகியூட் திட்டமும் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்பது) சேர்த்துப் போடும், அதனால் ஒருமுறை ஓட்டிவிட்டு இரண்டாவதை பிகினுக்குள் ஓட்டி எண்ணுங்கள். கூடவே பிளான் கேச் மோட் (எந்த வகைத் திட்டத்தைப் பயன்படுத்துவது என்ற அமைப்பு) என்ன என்று ஷோ போட்டுப் பாருங்கள்.

நள்ளிரவு_பேஜர்

38.

பிளான் கேச் மோட், ஃபோர்ஸ் ஜெனரிக் பிளான் என்று இருக்கிறது. கான்ஃபிக் ஃபைலின் கமிட் வரலாற்றைப் பார்த்தேன். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, "பிளானிங் நேரம் மிச்சம்" என்ற குறிப்போடு போட்டிருக்கிறார்கள். போட்டது நான்.

வரிசையில்_நிற்பவன்

எல்லோருக்கும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

38 எப்படி வருகிறது என்று பாருங்கள். ஜெனரிக் திட்டம் என்பது மதிப்பு தெரியாமல் ஒருமுறை போட்டு வைத்த திட்டம். அதில் 36 பார்ட்டிஷனும் இருக்கும். தேவையில்லாததை ஓடத் தொடங்கும்போது கழித்துவிடும், அது உண்மைதான். ஆனால் கழிப்பதற்கு முன், திட்டம் இன்னும் செல்லுபடியாகுமா என்று உறுதிசெய்ய, அதில் உள்ள எல்லா டேபிளையும் பூட்டிவிடுகிறது. 36-உம் தாயும் 37. கழித்த பிறகு மிஞ்சும் ஒரு பார்ட்டிஷனில் ஒரு இண்டெக்ஸ், ஆக 38. 16 பையில், 22 பொது நோட்டில். கஸ்டம் திட்டம் என்றால் ஒவ்வொரு முறையும் மதிப்பைப் பார்த்துத் திட்டமிடும், வேண்டாத பார்ட்டிஷன்களைப் பூட்டுவதற்கு முன்பே கழித்துவிடும். நீங்கள் எண்ணிய 6 அதுதான்.

பிளான் கேச் மோடை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். முதல் 5 முறை கஸ்டம் திட்டம் போட்டு, அதன் சராசரிச் செலவை ஜெனரிக் திட்டத்தின் மதிப்பீட்டோடு ஒப்பிடும். 36 பார்ட்டிஷனையும் சுமக்கும் ஜெனரிக் திட்டத்தின் மதிப்பீடு பெரிதாக இருக்கும், ஆகவே கஸ்டமிலேயே நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். பிஜி பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்ஸில் கஸ்டம் எத்தனை, ஜெனரிக் எத்தனை என்று தனித்தனி நெடுவரிசை உண்டு. பார்த்து உறுதி செய்யுங்கள்.

நள்ளிரவு_பேஜர்

மாற்றினேன், உறுதியும் செய்தேன். ஜெனரிக் 0, எல்லாம் கஸ்டம்.

1 கிளையன்ட்: 5,400
16: 81,000
32: 1,52,000
48: 1,74,000
64: 1,90,000

லாக்மேனேஜர் வெயிட் ஈவென்ட் 200 மாதிரியில் மொத்தமே 3. 32-இலிருந்து 64-க்குப் போகும்போது கால் பங்குதான் கூடுகிறது, ஆனால் அது ஒரே கோரில் இரண்டு த்ரெட் என்பதால், அதற்கு மேல் பேராசைப்படவில்லை. சிபியு இப்போது 97 சதவீதம். முதல்முறையாக அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஜெனரிக் திட்டத்தோடு, தேதி சேர்த்த அதே குவெரிக்கு, 1 கிளையன்ட் வேகம் 6,100. இப்போது 5,400. ஒவ்வொரு முறையும் திட்டமிடுவதால் தனியாக ஓடினால் மெதுவாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு முன் நான் அளந்ததும் அப்படித்தான்: என் மெஷினில், ஒரே கனெக்ஷனில், வெள்ளிக்கிழமை மாலை.

வரிசையில்_நிற்பவன்

அந்த அளவு தப்பில்லை. ஒரு ஆளுக்கு அளந்ததை 400 பேருக்குப் போட்டீர்கள்.

பூலை 32-இலேயே வைத்திருக்காதீர்கள், இப்போது 64 வரை ஏற்றலாம். அடுத்து, டேட்டாவை எழுதும் குவெரிகளுக்கும் இதே வளைவை வரைந்து பாருங்கள். அங்கே வேறு தாழ்ப்பாள் காத்திருக்கும். வரும்போது புதுத் திரி தொடங்குங்கள், இதிலேயே தொடர வேண்டாம்.

ராம்_ராசா

ஷேர்டு பஃபர் எவ்வளவு வைத்தீர்கள் கடைசியில்?

நள்ளிரவு_பேஜர்

பழையதேதான். தொடவே இல்லை.